லெஃப்ட் என்றால் எந்தப் பக்கம்?

போன செவ்வாய்க்கிழமை நான் இருபத்தெட்டு பேரைத் தீக்குள் அனுப்பிவிட்டேன். பதறாதீர்கள்... மாக் ட்ரில்தான். நிஜத் தீ இல்லை.

ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் நான் சேஃப்டி டிரெய்னர். சைரன் அடித்தால் எல்லாரையும் பத்திரமாக வெளியே அனுப்பவேண்டிய ஆள். அப்பேர்ப்பட்ட எனக்கு லெஃப்ட் எது, ரைட் எது என்று சட்டென்று வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆட்டோக்காரர்களிடம் வாங்காத பேச்சில்லை. "யக்கா, கை சோத்தாங்கை பக்கம் காட்டுது, வாய் பீச்சாங்கை பக்கம்னு சொல்லுது. நான் இன்னாதான் பண்றது?"

கம்பெனியில் மட்டும் மூச்சு விட்டதில்லை. எப்படிச் சொல்வது? நீச்சல் மாஸ்டருக்கே நீச்சல் வராது என்கிற மாதிரி ஆகிவிடாதா? வாட்ச் கட்டிய கை லெஃப்ட் — இந்த ஒரு ட்ரிக்கை வைத்தே ஆறு வருடம் ஓட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வாட்ச் ரிப்பேர் கடையில் இருந்தது.

சைரன் அடித்தது. மைக்கைப் பிடித்து, "எல்லாரும் லெஃப்ட்ல போங்க!" என்று கத்தினேன். கையை நீட்டியதோ ரைட்டில். வெளியே போகும் வழியும் ரைட்டில்தான். என் கையைப் பார்த்தவர்கள் ஒழுங்காக வெளியே போய் வரிசையில் நின்றார்கள். என் பேச்சைக் கேட்டவர்கள் நேராக, தீப்பிடித்ததாக வைத்துக்கொண்ட கேன்டீனுக்குள் போய்விட்டார்கள்.

மேனேஜர் ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக எண்ணிப் பார்த்தார். "இருபத்தெட்டு பேர் குறையுதே?"

லைன் சூப்பர்வைசர் தேவி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "சார், அல்லாரும் கேன்டீன்ல கீறாங்க. பஜ்ஜி துன்னுகினு."

"தீப்பிடிச்ச நேரத்துல பஜ்ஜியா?"

"சூடா இருந்துச்சாம் சார்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் தோன்றியது. நிஜமாகவே பற்றியிருந்தால்? என் மானத்துக்கு இருபத்தெட்டு பேரா விலை?

மறுநாள் ஷிஃப்ட் தொடங்கும் முன் மைக்கை வாங்கினேன்.

"எனக்கு லெஃப்ட், ரைட் வராதுங்க. நேத்து நடந்தது என் தப்பு. இனிமே கேட் பக்கம், கேன்டீன் பக்கம்னுதான் சொல்லுவேன்."

சரி, வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னால் ஒரு கை உயர்ந்தது. "மேடம், எனக்கும் வராது."

அப்புறம் இன்னொன்று. இன்னும் நாலைந்து... அதில் மேனேஜர் கையும் இருந்தது — பாதி உயரத்தில்.

முதலில் கை தூக்கியவர் யார் என்று எட்டிப் பார்த்தேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முருகன் அண்ணன்!

"அப்ப வண்டி எப்படிண்ணே ஓட்றீங்க?"

"கைக்கு நல்லா தெரியும் மேடம். அதுக்குப் பேரு சொல்லச் சொன்னாதான் பேஜாராவுது."

ஒரு குறையை மறைக்க ஆறு வருட உழைப்பு. சொல்லி முடிக்க அரை நிமிஷம். இந்தக் கணக்கு ஏன் எனக்கு முன்பே உறைக்கவில்லை? நம்மிடம் இருக்கும் கோணல் நம்மோடுதான் இருக்கப் போகிறது. அது இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால் குறைந்தபட்சம் அடுத்தவர் உஷாராகிக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை மறுபடி ட்ரில். "கேட் பக்கம்!" என்றேன். ஒருவர் பாக்கியில்லாமல் வெளியே வந்தார்கள். நானும் இப்போது கூச்சமில்லாமல் நடமாடுகிறேன்.

முருகன் அண்ணன் வண்டியைத் திருப்பும்போது மட்டும்... நான் எந்தப் பக்கமும் நிற்பதில்லை.