பக்கம் நாற்பத்திரண்டு

வீட்டில் உட்கார்ந்து புத்தகம் வாசித்துப் பதிவு செய்கிறவர்களுக்கு மழைதான் பெரிய எதிரி என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். மழை பாவம், அதைச் சமாளிக்கலாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இலங்கை மலைநாட்டில், ஹட்டனிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வளைந்து வளைந்து போனால் எங்கள் தேயிலைத் தோட்டம். லயம் என்கிற ஒற்றைக்கூரை வரிசைவீட்டின் கடைசிக் காம்பிராவில் நாங்கள் மூன்று பேர்: கொழுந்து எடுக்கிற அம்மா, புதிதாக ஆசிரியை வேலை கிடைத்திருந்த நான், பிறவியிலேயே கண் தெரியாத என் தங்கச்சி. அந்த டிசம்பரில் அவளுக்குப் பதினோராம் வகுப்புச் சாதாரணதரப் பரீட்சை. அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளைத் தருவதாகக் கல்விக் கந்தோரில் ஒத்துக்கொண்டிருந்தார்கள். படிப்பதற்குத்தான் வழியில்லை. விரலால் தடவிப் படிக்கிற பாடப்புத்தகம் தமிழில் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

"இந்தத் தடவ விட்டுட்டா அம்மா என்னைய வீட்டோட உக்கார வச்சிருவாங்கக்கா" என்றாள். எல்லாப் புத்தகத்தையும் கெசட்டில் வாசித்துத் தருகிறேன் என்று நான் வாயை விட்டேன்.

லயத்தில் ஒரு காம்பிராவுக்கும் அடுத்ததுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. பன்னிரண்டு வீட்டு இருமலும் நம் வீட்டு இருமல்தான். முதல் கெசட்டில் என் குரலோடு எங்கள் கோழியின் கொக்கரிப்பும் பதிந்திருந்ததைக் கேட்டுத் தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒன்னய விட அந்தக் கோழி நல்லா வாசிக்குதுக்கா!" எனக்கு வந்த கோபத்தில் கோழியை அன்றைக்கே குழம்பு வைத்திருப்பேன்.

அப்புறம் ஒவ்வொரு சத்தமாக வேட்டையாடினேன். ஆகஸ்ட் விடுமுறை. காலையில் பெரட்டில் வரிசையாக நின்று வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு எல்லோரும் மலைக்கு ஏறியதும் லயம் வெறிச்சோடிவிடும். அந்த மூன்று மணி நேரம்தான் எங்களுக்கு. கூரைத் தகரத்தின் மேல் பழைய சாக்குகளை விரித்துக் கல் வைத்தேன். கடையில் வாங்கிய முட்டை அட்டைகளைக் கோதுமைமாப் பசையால் சுவரெல்லாம் ஒட்டினேன். அம்மா மலைக்குப் போர்த்திப்போகிற கம்பளி ஜன்னலுக்குப் போனது. கடிகாரம் அரிசிப் பெட்டிக்குள், கோழி கூடைக்குள். நான் இன்னொரு கம்பளிக்குள் தலையை நுழைத்து, டோர்ச் வெளிச்சத்தில், அடங்கிய குரலில் வாசிப்பேன். "பக்கம் முப்பத்தொன்பது. படம் இரண்டு." பக்க எண்ணும் பட எண்ணும் கட்டாயம் வேண்டும் என்பது அவள் கட்டளை. வகுப்பில் டீச்சர் பக்கம் சொல்லும்போது அவள் மட்டும் விழிக்கக்கூடாதாம்.

சத்தம் குறையக் குறைய அவளுக்கு இன்னும் மெல்லியதெல்லாம் கேட்டது. பீலியில் தண்ணீர் சொட்டுவது, என் வளையல், நான் எச்சில் விழுங்குவது. ஒரு நாள் கேட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அக்கா, வெளியில யாரோ நிக்கிறாங்க."

"இப்பவா?"

"நீ வாசிச்சப்ப. சப்பாத்துச் சத்தம். ஜன்னலுக்குக் கீழ வந்து நிக்குது. நம்ம லயத்துல யாருக்கா சப்பாத்து போட்டு நடக்குறா?"

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கெசட்டை மூன்றாவது தடவை ஓடவிட்டு ரெக்கோர்டரில் காதை ஒட்டி வைத்தபோது கேட்டது. சரளையில் இரண்டு அடி, ஒரு செருமல், பிறகு போகவே இல்லை. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் சுற்றிவளைப்பு சாதாரணம். அடையாள அட்டை இல்லாத ஒரு குற்றத்துக்காகப் பிடிபட்டுப் போனவர்கள் மாதக்கணக்கில் திரும்பாமல் இருந்தார்கள். நானோ ஜன்னலைக் கம்பளியால் மூடி, ஆளில்லாத நேரம் பார்த்து, ரகசியக் குரலில் தமிழில் எண் எண்ணாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அட மடச்சி, இது உனக்கு ஏன் உறைக்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பகலில் பொலிஸ் ஜீப் வந்தது. முட்டை அட்டைகளைப் பிய்த்துப் பார்த்தார்கள். சாக்குக்குக் கீழே வயர் போகிறதா என்று கூரையில் ஏறித் தேடினார்கள். நம்பரெல்லாம் யாருக்குப் போகிறது என்று அதிகாரி அரைகுறைத் தமிழில் கேட்டார். "நங்கிட்ட விபாகே தியெனவா சேர்" என்றேன். தங்கச்சிக்குப் பரீட்சை என்கிற அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் எனக்குச் சிங்களம் வரவில்லை. ரெக்கோர்டரையும் பத்தொன்பது கெசட்டையும் அள்ளிக்கொண்டு, கூப்பிடும்போது ஸ்டேஷனுக்கு வா என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எட்டு நாள். ரோட்டில் எந்த வாகனம் திரும்பினாலும் நான் கதவிடுக்கில் போய் நின்றேன். "படிப்பும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்" என்று அம்மா புத்தகங்களை அடுப்படிக்குத் தூக்கினார். தங்கச்சி அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள், எழுந்திருக்கவே மாட்டேன் என்று.

கூப்பிட்டபோது தோட்டத்துப் பெரிய கிளாக்கரய்யா துணைக்கு வந்தார். அதிகாரி சிரித்த முகமாக இருந்தார். எல்லாக் கெசட்டையும் தமிழ் தெரிந்த ஆள் கேட்டாராம், ஒன்றுமில்லையாம். ரெக்கோர்டரையும் கெசட்டுகளையும் திருப்பித் தந்தார். "நல்ல வொய்ஸ், டீச்சர்" என்றார். நானும் ஈயென்று இளித்தேன். அந்த இளிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் காலை, அம்மா மலைக்குப் போனபின், தங்கச்சி சமூகக்கல்வி கெசட்டைப் போட்டாள். என் குரல். "பக்கம் நாற்பத்திரண்டு. மகாவலி கங்கை மத்திய மலைநாட்டில்..." டக்கென்று குரல் அறுந்தது. நாற்காலி இழுபடும் சத்தம். கோப்பையில் கரண்டி. யாரோ சிங்களத்தில் எதையோ சொல்லிச் சிரிக்கிறார்கள். அதற்கெல்லாம் பின்னால், வேறு அறையிலிருந்து, ஓர் அடி விழுகிறது. "ஐயா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா. புள்ளகுட்டிக்காரன்ங்கய்யா." எங்கள் பேச்சு, எங்கள் மலையின் பேச்சு. பிறகு மறுபடி டக். "பக்கம் நாற்பத்து மூன்று" என்று நான் நிதானமாக வாசித்துக்கொண்டு போகிறேன்.

ஸ்டேஷனில் கெசட்டைக் கேட்டவர் யாரோ தவறிப் பதிவுக்கான சிவப்புப் பொத்தானையும் சேர்த்து அமுக்கியிருக்கிறார். கெசட்டின் முதுகில் இருக்கிற சின்னப் பல்லை உடைத்துவிட்டால் அதன்மேல் பதிய முடியாது. பிறகு வேறு எதற்காவது உதவும் என்கிற கஞ்சத்தனத்தில் நான் ஒன்றையும் உடைத்திருக்கவில்லை.

தங்கச்சி மூன்று தடவை திரும்பத் திரும்பப் போட்டாள். நான் பறித்தேன்.

"அழிக்காதக்கா. அவரு யாருன்னு யாராச்சும் தேடுவாங்க."

"திரும்பி வந்து இதைக் கேட்டாங்கன்னா? நீயும் நானும் எங்க இருப்போம்? பரீட்சை எழுதணுமா வேணாமா?"

அவள் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள். நான் கம்பளிக்குள் தலையை விட்டு, அந்த இடத்தின் மேலேயே பக்கம் நாற்பத்திரண்டை மறுபடி வாசித்தேன். குரல் நடுங்கியதால் இரண்டு தடவை கெட்டது. மூன்றாவது தடவை சரியாக வந்தது. மழையில்லை, கோழியில்லை, வளையல் சத்தமில்லை. அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் பின்னும் நான் வாசித்ததில்லை. முடிந்ததும் கத்திமுனையால் அந்தப் பல்லை உடைத்தேன்.

அவள் பாஸானாள். அந்தக் கெசட்டை மட்டும் அவள் போட்டுக் கேட்டதை நான் பார்க்கவில்லை. அந்த மனிதர் வீடு திரும்பினாரா என்று நாங்கள் யாரிடமும் விசாரிக்கவும் இல்லை. பயம்தான், வேறென்ன.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடம் பதிகிற வேலையில் நாங்கள் இருவரும் சேர்ந்தோம். இப்போது கெசட் இல்லை, கம்ப்யூட்டர். சொல்லிக்கொடுக்க வந்த பெண், வேண்டாத சத்தத்தை எப்படி எடுப்பது என்று காட்டினாள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து இதை அமுக்கினால் போதுமாம், பின்னால் யார் இருந்தார்கள் என்றே தெரியாதாம்.

"வெளங்குச்சா மிஸ்?" என்று என்னைக் கேட்டாள்.

"அக்காவுக்கு அது முன்னாடியே தெரியும்" என்றாள் தங்கச்சி.