நாக்குக்கு அடியில் ஒரு விரல்

சட்டை தைக்கும் கம்பெனியில் அவளுக்குப் பெயர் பிசிறு. தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுப்பது அவள் வேலை. நகம் பட்டுத் துணி இழுபடக் கூடாது என்று சூப்பர்வைசர் அடிக்கடி கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். நாற்பதை நெருங்கும் பெண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிற்கவைத்து நகம் பார்ப்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

"அப்படியே ரேகையும் பாத்துச் சொல்லிடுங்க சார்" என்பாள் பிசிறு.

"ரேகை எங்க இருக்கு? அதையும் சேர்த்து வெட்டிட்டியே" என்பார் அவர். வரிசை முழுக்கச் சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

பிள்ளை இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லிக் கட்டியவன் வேறொருத்தியோடு போன பிறகு, அவள் தம்பி வீட்டில் இருந்தாள். தம்பி பார்சல் வண்டி ஓட்டுகிறவன். இரண்டு அறை, ஒரு சமையலறை. சமையலறையில் துணி காயும் கொடிக்குக் கீழே அவள் பாய். தம்பி மனைவி 'அண்ணி' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். அண்ணி கழுவிய டம்ளரை இன்னொரு தடவை கழுவிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள். பிசிறு எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தம்பி மனைவி உண்டானது தெரிந்த அன்று கம்பெனியில் ஆள் ஆளாகப் போய்ச் சொன்னாள்.

"என் மடியில ஒண்ணு படுத்துத் தூங்கப்போகுது. அது போதும் எனக்கு."

பையன் பிறந்தான். மார்பைக் கவ்வுவான், நழுவுவான், நாக்கு டொக் டொக்கென்று சத்தம் போடும், கடைவாயில் பால் வழியும், வயிறு நிறையாமல் வீறிட்டு அழுவான். தாய்க்குக் காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. துணைக்கு வந்திருந்த அவளுடைய அம்மா, அக்கம்பக்கம் விசாரிக்காமலே காரணத்தைக் கண்டுபிடித்தாள்.

"பெறாதவ பக்கத்துல உக்காந்து வாயைப் பாத்துக்கிட்டு இருந்தா, பால் எப்படிம்மா உள்ள இறங்கும்?"

பிசிறு எழுந்து போனாள். அதன்பிறகு பால் கொடுக்கும் நேரமெல்லாம் வாசலில் செருப்புகளோடு நின்றாள்.

எடை குறைந்துகொண்டே போனதால் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார்கள். அவர் இரண்டு விரலால் நாக்கைத் தூக்கிக் காட்டினார். நுனி நடுவில் பிளந்து மடங்கியது. அடியில் ஒரு வெள்ளைச் சவ்வு அதை வாயின் தரையோடு கட்டிப் போட்டிருந்தது. மேலுதட்டை இன்னொரு சவ்வு ஈறோடு இழுத்துப் பிடித்திருந்தது. கண்ணுமில்லை, திருஷ்டியுமில்லை. இரண்டு வெட்டு, பஞ்சில் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். பையன் அங்கேயே கவ்விக் குடித்தான். விழுங்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. பெறாதவளின் பார்வையைப் பற்றி அன்று யாரும் பேச்சே எடுக்கவில்லை.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றவில்லை. இனிமேல்தான் வேலை என்றார். புண் ஆறும்போது பழையபடி ஒட்டப் பார்க்கும். ஒட்டவிடாமல், மூன்று வாரத்துக்கு நாளில் பல தடவை நாக்கின் அடியில் விரலை விட்டு அழுத்தித் தூக்க வேண்டும், மேலுதட்டை மூக்கைத் தொடும்வரை தூக்க வேண்டும்.

"துடிப்பான், அலறுவான். பாவம் பாத்து விட்டீங்கன்னா மறுபடியும் வெட்டணும்."

வீட்டில் முதல் தடவை செய்யப்போன தாய்க்குத் தலை சுற்றியது. தம்பி வண்டிக்கு நேரமாச்சென்று கிளம்பினான். தாயின் அம்மா தன் கையால் அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.  பிறகு எல்லோரும் பிசிறின் கையைப் பார்த்தார்கள். நகம் ஒட்ட வெட்டிய கை. அவள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுக் கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தாள்.

ஏற்பாடு தானாக அமைந்துவிட்டது. அத்தை வந்து விரலை விடுவாள். பையன் நீலம் பாரிக்க அலறுவான். முடிந்ததும் தாய் பிடுங்கிக்கொண்டுபோய் மார்பில் அணைப்பாள். வலி ஒரு கை, பால் ஒரு கை. மாடு வளர்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், கன்றுக்கு மூக்கு குத்துகிறவனை அது ஆயுசுக்கும் கிட்டே அண்டவிடாது. முதல் வாரம் முடிவதற்குள் அவள் காலடிச் சத்தத்துக்கே பையன் உதட்டை இறுக்கினான்.

தம்பியிடம் கேட்டாள், ஒரு வேளை நீ செய், ஒரு வேளை நான் செய்கிறேன் என்று. அவன் செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"உனக்குத்தான் பழகிடுச்சேக்கா."

விரல் விடாத நேரத்தில் கொஞ்சம் மடியில் போட்டுக்கொள்ளவா என்று தம்பி மனைவியிடம் கேட்டாள். "வேணாம் அண்ணி, இப்பத்தான் குடிச்சான். உங்களைப் பாத்தா கக்கிடுவான்" என்றாள் அவள், மரியாதையாக.

ஒரு மதியம் தாய் குளிக்கப் போயிருந்தாள். அவள் அம்மா கடைக்குப் போயிருந்தாள். விரல் விட வேண்டிய நேரம். பாய்க்கு மேலே கொடியில் தம்பி மனைவியின் பூப்போட்ட நைட்டி தொங்கியது. அதில் பால் வாசம் அடித்தது. பிசிறு அதை எடுத்துத் தன் துணிக்கு மேலேயே மாட்டிக்கொண்டு தொட்டிலருகே போனாள்.

பையன் இறுக்கவில்லை. வாய் திறந்து சிரித்தான். தூக்கி மடியில் போட்டதும் அவள் நெஞ்சில் முகத்தைத் தேய்த்துத் தேடினான். பிறகு அவளுடைய ஆள்காட்டி விரலை, அதே விரலை, முழுக் கையாலும் பிடித்துக்கொண்டு கண் சொருகினான்.

இந்த ஒரு வேளை செய்யாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு அவன் பிடியிலிருந்து விரலை உருவி, நாக்குக்கு அடியில் விட்டுத் தூக்கினாள். நைட்டியைக் கழற்றி மறுபடி கொடியில் போட்டாள்.

குளித்து வந்த தாய் அதே நைட்டியைப் போட்டுக்கொண்டு பால் கொடுக்க உட்கார்ந்தாள். பையன் பூக்களைப் பார்த்தான். உதட்டை இறுக்கிக்கொண்டு வில்லாக வளைந்தான். பெற்ற தாயைப் பார்த்து அலறினான். சாயங்காலம் வரை மார்பில் வாய் வைக்கவில்லை. பிசிறு தானாகவே போய் நடந்ததைச் சொன்னாள்.

"உங்களைப் பாத்து பயப்படற மாதிரி என்னையும் பாத்து பயப்படட்டும்னுதானே?" என்றாள் தம்பி மனைவி.

"பயப்படாம இருப்பான்னுதாம்மா போட்டேன்."

"தனக்கு இல்லாதது அடுத்தவளுக்கும் இருக்கக் கூடாது" என்றாள் அவள் அம்மா, சுவரைப் பார்த்து.

தம்பி அக்காவைப் பார்த்து, "ஏன்க்கா இப்படி?" என்று மட்டும் கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

நைட்டியைக் கிழித்துத் தரை துடைக்கப் போட்டார்கள். தரை துடைப்பது பிசிறின் வேலை. மீதி நாட்களுக்கும் விரல் விடுவது அவள்தான், வேறு ஆள் இல்லையே. மற்ற நேரத்தில் தொட்டில் பக்கமே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா நாக்கைத் தூக்கிப் பார்த்து அசந்துபோனார். கொஞ்சம்கூட ஒட்டவில்லை, இவ்வளவு சுத்தமாக ஆறிப் பார்த்ததில்லை, யார் செய்தது என்று கேட்டார்.

"பெத்தவதான் டாக்டரம்மா. வேற யாருக்கு வரும் அந்த மனசு?" என்றாள் தாயின் அம்மா. பிசிறு துணிப்பையோடு கதவோரம் நின்றாள். தம்பி மனைவி தலை குனிந்துகொண்டாள், ஆனால் மறுக்கவில்லை.

இனிமேல் விரல் விட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. குழந்தைகள் இந்த வலியையெல்லாம் கொஞ்ச நாளில் மறந்துவிடும் என்றும் சொன்னார். பிசிறு அந்த ஒரு வார்த்தையைப் பத்திரமாக எடுத்து வந்தாள். கம்பெனியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், "மறந்துடுவானாம்."

மறந்துதான் இருப்பான். மறக்க விடவில்லை. கரண்டியில் ஊட்டத் தொடங்கிய நாளில் பையன் வாய் திறக்க அடம்பிடித்தபோது, தம்பி மனைவி விளையாட்டாகத்தான் சொன்னாள், "அத்தை விரலைக் கூப்பிடவா?" அத்தை என்னவோ என்று அப்போது சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பையன் அழ, வாய் சட்டென்று திறந்தது, கரண்டி உள்ளே போனது. அன்று கிண்ணம் காலியானது. இவ்வளவு சுலபமான வழியை யார் விடுவார்கள்?

இப்போது அவனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. நாக்கு புரளாத சொல் இல்லை. பிசிறு வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து அழைப்பு வரும். "அண்ணி, வந்து கொஞ்சம் நில்லுங்க." அவள் பழக்கதோஷத்தில் கையைக் கழுவிக்கொண்டு வந்து அறைவாசலில் நிற்பாள். விரலைக் காட்டச் சொல்வார்கள். காட்டுவாள்.

நேற்றும் காட்டினாள். பையன் கண்ணில் நீரோடு வாயைப் பெரிதாகத் திறந்தான். நாக்கு அண்ணத்தைத் தொட்டு எழுந்து இறங்கியது. அவள் கழுத்தை நீட்டி அடியில் பார்த்தாள். வெட்டிய தடமே இல்லை. அவன் வாய்க்குள்ளே என்றாலும், அவனை அவ்வளவு கிட்டத்தில் பார்க்க அவளுக்கு வேறு நேரம் இல்லை.

விழுங்கிவிட்டு அவன் சொன்னான், "அத்தை போ."

"எவ்வளவு தெளிவாப் பேசறான் பாருங்க" என்றாள், துணைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட பாட்டிக்காரி, பெருமையாக.

"ஆமா, நல்லா வருது" என்றாள் பிசிறு. விரலை மடக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்புகளோடு நின்றாள். அடுத்த வாய்க்கு அவன் உதட்டை இறுக்கியிருக்க வேண்டும்.

"அண்ணி" என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள்.