காம்பு மேலே, நுனி கீழே

ஈரமான கிரானைட் பலகையின் மேல் வெறுங்காலை வைத்தால் முதலில் உள்ளங்கால் சில்லென்று கூசும், பிறகு குளிர் கணுக்கால் வரை ஏறும், அதற்கும் பிறகு கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில், நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு கிரானைட் பட்டறை இருந்தது. மெருகேற்றிய பிறகு விரிசல் கண்டதால் ஏற்றுமதிக்கு ஆகாதென்று ஒதுக்கிய பலகைகளை அதன் பின்வாசலில் தரையோடு தரையாகப் பரப்பி வைத்திருப்பார்கள். மார்கழிக் காலையில் அவற்றின் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, கல் அறுக்கும்போது வழிகிற வெள்ளைக் குழம்பை, நாங்கள் "கல்லுப்பால்" என்று சொன்னதை, இரண்டு கை அள்ளித் தேய்த்துவிட்டால் போதும், அதுதான் எங்கள் கனடா. அப்பா அந்தப் பட்டறையில்தான் கல் அறுத்தார் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ச்மேன் எங்களைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்.

கனடா என்ற பெயரை எங்கள் லைனுக்குக் கொண்டுவந்தது அம்மா. ஊர் எல்லையில் இருந்த ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுபவளாகச் சேர்ந்து, மெஷினில் உட்கார்ந்து, கடைசியில் தைத்து வரும் துணியைச் சரிபார்க்கும் மேசைக்கு உயர்ந்தவள் அவள். கம்பெனிப் பெண்கள் அவளைச் "செக்கரக்கா" என்பார்கள். நாளாவட்டத்தில் கறிவேப்பிலை விற்பவள்கூட அப்படித்தான் கூப்பிட்டாள். அதில் அம்மாவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கல்யாண வீட்டில் மணமகளின் முகத்தைப் பார்க்குமுன் ரவிக்கையின் ஓரத் தையலைப் பார்ப்பாள். "சந்துல தையல் விட்டிருக்கான்" என்று என் காதில் மட்டும் சொல்வாள்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது கனடாவிலிருந்து அந்தக் கம்பெனிக்கு ஓர் ஆர்டர் வந்தது. தொளதொளவென்ற சிவப்புச் சட்டை, மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை இலை. அங்கே பனித்தரையில் ஆடும் ஹாக்கிக்காக அந்தச் சட்டை. "ஐஸு மேல ஓடுறாங்களாம், கட்டையால அடிச்சிக்கிறாங்களாம், பல்லு போனாலும் சிரிக்கிறாங்களாம். அவங்களுக்கு அது சாமி கும்புடற மாதிரியாம்" என்று அம்மா சோறு போட்டபடி சொன்னாள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு ஆயிஷாவின் டிவியில் ஏதோ ஒரு விளையாட்டு சேனலில் அதையே பார்த்துவிட்டோம். விதி ஒன்றும் புரியவில்லை, ஆனால் சறுக்குவது புரிந்தது. பஞ்சர் கடை வைத்திருந்த ஆயிஷாவின் அப்பா பழைய லாரி டயரிலிருந்து பந்துக்குப் பதிலாக வட்டமாக ஒரு வில்லை அறுத்துக் கொடுத்தார். கோணலாக வளைந்த தைலமரக் கிளைகள் மட்டைகளாயின, இரண்டு சிமெண்டு மூட்டைகள் கோல் ஆயின. அந்த மார்கழி முழுவதும் முட்டியில் தோல் இல்லாமல்தான் திரிந்தோம்.

அடுத்த லைன் பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய "மேட்ச்" என்று முடிவானது. அதற்கு அசல் கனடாச் சட்டையோடு வருவேன் என்று நான் ஆயிஷாவிடம் வாய் விட்டிருந்தேன்.

கம்பெனியில் "சீல் சாம்பிள்" என்று ஒன்று உண்டு. வாங்குகிறவர் பார்த்து, இதுபோலத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொண்டு முத்திரைச் சீட்டுக் கட்டிய ஒற்றைச் சட்டை அது. தைக்கிற வரிசைக்கு மேலே கயிற்றில் தொங்கும். யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் தலையைத் தூக்கி அதைப் பார்த்துக்கொள்வார்கள். அது அம்மாவின் பொறுப்பு. அந்தச் சனிக்கிழமை அதன் மேல் மெஷின் எண்ணெய் தெறித்துவிட்டது. திங்கட்கிழமை ஆர்டர் கொடுத்த கனடாக்காரரே நேரில் வருகிறார் என்பதால் அம்மா பயந்துபோய், கேட்டைத் தாண்டக் கூடாத அந்தச் சட்டையைச் சோற்றுத் தூக்குக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பவுடர் தூவி எண்ணெயை எடுத்து, சோப்புப் போட்டு அலசி, ஃபேனுக்குக் கீழே உலர்த்தி, மடித்துப் பையில் வைத்தாள். அவசர ஆர்டர் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் அவர்களுக்கு வேலை இருந்தது.

விடியுமுன் நான் எழுந்து பையிலிருந்து சட்டையை எடுத்துக்கொண்டேன். அது இருந்த இடத்தில் என் பழைய சிவப்புப் பாவாடையை அதே மாதிரி நான்காக மடித்து வைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு போர்வைக்குள் புகுந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அம்மா பையை எடுத்தாள், கதவைச் சாத்தினாள், கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அன்று முட்டி வரை தொங்கிய அந்தச் சட்டையில் நான் சறுக்கியது ஞாபகம் இருக்கிறது, கல்லின் குளிர் ஞாபகம் இருக்கிறது, ஆயிஷா இலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. யார் ஜெயித்தது என்பது மட்டும் ஞாபகத்தில் இல்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், வரவே மாட்டேன் என்கிறது.

அன்று கம்பெனியில் நடந்ததை அம்மாவின் வரிசையில் மெஷின் ஓட்டிய முனியம்மா அக்கா பிறகு வந்து சொன்னார். அதுவரை கழுத்தும் கையும் தைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் மார்பில் இலை வைக்கும் வேலை வந்தது. வெட்டிய இலைகள் கட்டுக்கட்டாக மேசைக்கு வந்தன. மேலே கயிறு காலியாக ஆடியது. சூப்பர்வைசர் லீவு. ஒருத்தி தெலுங்கில் கேட்டாள், ஒருத்தி கன்னடத்தில் கேட்டாள், முனியம்மா அக்கா தமிழில் கேட்டார்: "அக்கா, ஆமணக்கு எலையாட்டம் இருக்குது, இதக் காம்பு மேல வெக்கறதா, கீழ வெக்கறதா?"

"எலைன்னா காம்பு மேல, நுனி கீழ. வாசல்ல தோரணம் கட்டுனதே இல்லியாடி நீங்க?" என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்துக்கொண்டே தைத்தார்கள். அங்கே யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. மாவிலை அப்படித்தான் தொங்கும், வயல் ஓரத்து ஆமணக்கும் அப்படித்தான் தொங்கும். காம்பைத் தரையில் ஊன்றி நுனியை வானத்துக்குக் காட்டி நிற்கிற இலையை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. அந்த நாளின் வேலை முழுவதையும் அம்மா ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஒரு தையல்கூடப் பிசகவில்லையாம்.

சாயங்காலம் அவள் வருமுன் நான் சட்டையைத் துவைத்துக் காயவைத்து அவள் பெட்டிமேல் வைத்துவிட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை அதைக் கொண்டுபோய்க் கயிற்றில் கட்டி நிமிர்ந்து பார்த்தவள், அப்படியே திரும்பி அடுக்கி வைத்திருந்த கட்டுகளைப் பார்த்தாளாம். அதற்குள் கேட்டில் கார் வந்துவிட்டது.

கனடாக்காரருக்குத் தாத்தா வயது. அவர் சத்தம் போடவில்லை என்பதைத்தான் முனியம்மா அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு சட்டையை எடுத்தார், கழுத்து கீழே வரும்படி திருப்பினார், இலை நேரானதும் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சின்ன வயதில் உறைந்துபோன ஏரியின் மேல் அந்த இலை வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடியவராம்; அவர்கள் நாட்டுக் கொடியிலும் அதே இலைதானாம், கொடியைத் தலைகீழாகப் பிடித்தால் நாட்டுக்கு ஆபத்து என்று அர்த்தமாம். மேனேஜர் அதைத் தமிழில் சொன்னார். "ஒரு எலைக்காகக் கண்ணு கலங்குறாருடி அந்தாளு. துணிக்கு ஒருத்தன் அழுவானா?" என்று முனியம்மா அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்று ஆச்சரியப்பட்டார். யார் பார்த்து அனுப்பியது என்று கேட்டபோது அம்மா தானே கையைத் தூக்கினாள். சாம்பிள் எங்கே போயிருந்தது என்று கேட்டதற்கு, "கறையாயிருச்சு சார், நான்தான் வீட்ல வெச்சிட்டு வந்துட்டேன்" என்றாள். மதியத்துக்குள் அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பட்டப்பகலில் டவுன் பஸ்ஸில் அவள் வந்து இறங்கியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தூக்கில் சோறு அப்படியே இருந்தது. பையில் நான் வைத்த சிவப்புப் பாவாடை மடிப்புக் கலையாமல் மறுபடி என் துணிகளோடு இருந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அழுதிருப்பேனோ என்னவோ, எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. நெஞ்சுக்குள்ளே ஈரக் கல்லில் நின்ற கால் மாதிரி இருந்தது. நான்தான் எடுத்தேன் என்று சொல்ல நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, பிறகு சொல்லாமல் இருப்பதே பழகிவிட்டது.

அம்மா பிறகு ரோஜாக் கம்பெனிக்குப் போனாள். விமானத்தில் ஏற்றுமுன் பூவை வாடாமல் வைக்கும் "ஐஸ் ரூமில்" நின்று கட்டுக் கட்ட வேண்டும். சாயங்காலம் வந்தால் அவள் விரல்கள் அவள் சொல்பேச்சுக் கேட்காது. ரவிக்கைக் கொக்கியை நான்தான் கழற்றிவிடுவேன். "மரத்துப் போச்சு கண்ணு, சித்த நேரத்துல சரியாயிரும்" என்பாள். ஐஸ் ஐஸ் என்று ஆடியவள் நான், அதில் போய் நின்றவள் அவள். ரோஜாக் கம்பெனியில் அவளை யாரும் செக்கரக்கா என்று கூப்பிடவில்லை.

கனடாக்காரர் வேண்டாமென்று தள்ளிய சட்டைகளின் லேபிளை வெட்டிவிட்டுச் சந்தைகளில் விற்றார்கள். அதன் பிறகு பல வருடம் எங்கள் பக்கத்தில் எங்கே திரும்பினாலும் அந்த இலைதான். தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர் சீருடைக்குள் போட்டிருந்தார். வேப்பனப்பள்ளியில் மாம்பழக் கூடை தூக்குகிறவர்கள் போட்டிருந்தார்கள். உத்தனப்பள்ளித் தக்காளித் தோட்டத்தில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை கை விரித்துக்கொண்டு கனடாவுக்காக நின்றது. எங்காவது எதிரில் வந்தால் நான் வேறு பக்கம் பார்ப்பேன். அம்மா கிட்டப் போய் உற்றுப் பார்த்து, "இத்தனை துவையலுக்கும் தையல் பிரியல பாரு" என்பாள்.

நான் படித்தேன், கல்யாணம் செய்துகொண்டேன், கணவரின் வேலை எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த நாடு கனடா. விதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை; ஓசூரிலிருந்து எத்தனையோ பேர் போகிறார்கள். குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்று, வெவ்வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் சுற்றிலும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, நான் சுவரில் இருந்த கொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலை தலைகீழாக இருக்கிறது என்றுதான் தோன்றியது. ஹாக்கி அரங்கில் தேசிய கீதத்துக்கு ஊரே எழுந்து நெஞ்சு விம்மப் பாடும்போது நானும் எழுந்து நிற்பேன், வாயை அசைப்பேன், உள்ளே ஒன்றும் அசையாது. அங்கேயே பிறந்த என் மகள் இனியா அப்படியில்லை. இருட்டோடு எழுந்து மட்டையைத் தூக்கிக்கொண்டு பனித்தரைக்கு ஓடுகிறாள். நாட்டு அணி தோற்றால் சாப்பிட மாட்டாள். "நம்ம டீம்மா" என்று அவள் சொல்லும்போது அந்த "நம்ம"வில் சேர்ந்துகொள்ள நானும் முயன்றுதான் பார்க்கிறேன்.

இந்த மாதம் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக ஓசூர் வந்தேன். மேட்சை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று இனியா அப்பாவோடு தங்கிவிட்டாள். கிரானைட் பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்திருக்கிறது, துணிக் கம்பெனியின் கேட்டுக்குள் இப்போது லாரிகள் நிற்கின்றன. லைன் வீடுகளும் இல்லை, ஆயிஷாவின் குடும்பம் பெங்களூருக்குப் போய்விட்டது. அந்தச் சட்டை ஒன்றாவது கிடைக்குமா என்று பழைய துணி விற்கும் கடைகளில்கூடக் கேட்டுப் பார்த்தேன். வண்டி துடைக்கும் துணியாகத் தேய்ந்து எல்லாமே போயிருக்க வேண்டும்.

நேற்றுக் காலை இனியாவின் மேட்ச் வீடியோ வந்தது. கட்டுப் பிரித்த புதுக் கண்ணால் அம்மா பார்த்தாள். பேத்தி சிவப்புச் சட்டையில் சறுக்கி வந்து காமிராவுக்கு முன்னால் நின்றாள், மார்பில் இலை. அம்மா போனைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"காம்பு கீழதான் வெச்சிருக்காங்க" என்றாள். பிறகு, என்னைப் பார்க்காமல், "அன்னிக்குப் பையத் தூக்குனப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு. அந்தத் துணி கனமா இருக்கும். போர்வைய வெலக்கிப் பாத்தேன், கழுத்துப் பட்டி தெரிஞ்சுது. தூக்கத்துல சிரிச்சுக்கிட்டிருந்த. எழுப்ப மனசு வரல. ரெண்டு நாளா பாத்த துணிதானே, மனசுல இருக்குதுன்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

நான் தூங்கவில்லை, நடித்தேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் போர்வையை விலக்கியது எப்படித் தெரியாமல் போனது என்று யோசித்தேன். சட்டை கிடைத்த நிம்மதியில் இடையில் கொஞ்ச நேரம் நிஜமாகவே தூங்கிப்போயிருப்பேன். இத்தனை வருடமாக நான் திருடியதாக நினைத்திருந்ததை அவள் தெரிந்தே கொடுத்திருக்கிறாள். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கை மட்டும் சில்லிட்டுப் போயிருந்தது.

"உன்னக் கேக்கணும்னே இருந்தேன்" என்றாள் அம்மா. "அன்னிக்கு ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சோம்மா."

"நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, வீடியோவை மறுபடி போடுவதற்குத் திரையில் விரலை வைத்து அழுத்தினாள். ஓடவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். குளிரில் செத்துப்போன அந்த விரல் நுனியைப் போன் கண்டுகொள்ளவே இல்லை. நான் கையை நீட்டித் தொட்டேன், இனியா மறுபடியும் சறுக்கி வந்தாள்.