பண்டமாரானில் பார்த்த விருது விழா

காக் மினா எப்போதும் எங்களுக்கு முன்பே சிரித்துவிடுவார். வாரத்துக்கு ஒருமுறை இங்கே தொலைக்காட்சியில் தமிழ்ப்படம் போடுவார்கள். அடியில் மலாய் எழுத்து ஓடும். பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணியான காக் மினா, அதாவது மினா அக்கா, அதைப் படித்துக்கொண்டே பார்ப்பவர். நகைச்சுவை நடிகர் பாதி வசனம் பேசுவதற்குள் மீதியைப் படித்து முடித்திருப்பார். தமிழ் தெரிந்த நாங்கள் ஆறேழு பேர் அவருடைய சிரிப்பைக் கேட்டு, ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்து பிறகு சிரிப்போம். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் இது எனக்குப் பெரிய விநோதம். பிறகு பழகிவிட்டது.

பழகாத ஒன்று, இங்குள்ளவர்கள் சினிமாவின் மேல் வைத்திருக்கும் பக்தி. நான் வளர்ந்தது சென்னையில், சாலிகிராமத்தில். அங்கே சினிமா என்பது அடுத்த வீட்டுக்காரர் செய்யும் வேலை. அரசவையில் மந்திரியாக நிற்கிற துணை நடிகர் லுங்கியோடு மண்ணெண்ணெய் வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருக்கிறார். என் அண்ணனும் அந்த வேலைக்குத்தான் போனான். எடிட்டர் ஒருவரிடம் உதவியாளாகச் சேர்ந்து, பல வருடம் இருட்டறையில் பிலிமை வெட்டியும் ஒட்டியும், கடைசியில் தானே எடிட்டர் ஆனவன். வீட்டுக்கு வரும்போது சட்டையில் எங்காவது ஒரு பிலிம் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் கதாநாயகியின் முழங்கையோ குதிரையின் வாலோ தெரியும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு அவன், அவனுக்கு நான் என்று இருந்தோம். மாப்பிள்ளை கிள்ளானில், துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா என்றதும் தயங்காமல் என்னைக் கட்டிக்கொடுத்து விமானம் ஏற்றியவனும் அவன்தான்.

அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை. கடிதம் எழுதும் வழக்கம் அவனுக்குக் கிடையாது. போட்டோ அனுப்பச் சொன்னால் சரி என்பான், அனுப்பமாட்டான். ஒவ்வொரு வருடமும் போய்வரலாம் என்று வீட்டுக்காரர் சொல்வார். மாமியார் பக்கவாதத்தில் படுத்தபிறகு அந்தப் பேச்சும் நின்றுபோனது. அவரைத் தூக்கி உட்காரவைக்க என்னை விட்டால் ஆள் இல்லை. அண்ணனின் குரல் மட்டும் அப்படியே நினைவில் இருந்தது. முகம் கொஞ்சம் கொஞ்சமாக அப்பாவின் முகமாக மாறிக்கொண்டு வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இந்த நிலையில்தான் சென்னையில் நடந்த திரைப்பட விருது விழாவை இங்கே தொலைக்காட்சியில் காட்டப்போவதாக அறிவித்தார்கள். விழா அங்கே முடிந்து பல வாரம் ஆகியிருந்தது. எங்கள் பண்டமாரான் வரிசை வீடுகளில் யாருக்கும் அந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. துறைமுகத்தில் லோரி ஓட்டும் குமார் தன் இளம் கதாநாயகன் ஜெயிக்கவேண்டும் என்று பத்துமலைக் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தான். சரசு அக்கா தன் மூத்த நடிகருக்காக வெள்ளிக்கிழமை விரதம் இருந்தார். பரிசை வாங்கிக்கொண்டு போனவர் இதற்குள் அதை ஷோகேசில் வைத்துத் தூசியும் தட்டியிருப்பாரே என்று நான் கேட்டதற்குக் குமார் காதைப் பொத்திக்கொண்டான்.

"அக்கா, ரிசல்ட் தெரிஞ்சா சொல்லாதீங்க லா! டீவியில பாக்குறப்பத்தான் எங்களுக்கு நடக்குது."

எனக்கு ரிசல்ட் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் மெட்ராஸ் பத்திரிகைகள் விற்கும் கடையில் படித்துவிட்டேன். இரண்டு நடிகர்களுக்கும் கிடைக்கவில்லை. மூன்றாவது ஒருவர் தட்டிக்கொண்டு போய்விட்டார். அதை விடுங்கள். பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், சிறந்த படத்தொகுப்பு என்று போட்டு என் அண்ணன் பெயர் இருந்தது. கடையிலேயே அழுதேன். பஸ்ஸில் வரும்போதும் அழுதேன். வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொன்னேன், என் அண்ணன் டீவியில் வருவான் என்று. பத்திரிகையைக் காட்டப் போனால் ஒருவரும் பார்க்க மறுத்துவிட்டார்கள். அதே பக்கத்தில் மற்ற முடிவுகளும் இருந்தனவே!

"ஹீரோவுக்கு ஃபிரெண்டா உங்க அண்ணன்? கூட உக்காந்து சாப்பிடுவாரா?" என்று குமார் கேட்டான்.

"அவன் வேலை செய்யற ரூமுக்கு ஹீரோ வரமாட்டார். படம்தான் வரும்."

அவனுக்கு அது சுவாரஸ்யமாக இல்லை.

விழா அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. மாமியாரையும் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தேன். காக் மினா கறிபஃப் செய்து கொண்டுவந்தார். நான் நல்ல புடவை கட்டிக்கொண்டேன். அவன் என்னைப் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் கட்டிக்கொண்டேன். பாட்டு, நடனம், மாலை, பொன்னாடை. சிறந்த நடிகை வந்தார். சிறந்த பாடகர் வந்தார். திடீரென்று காட்சி ஒரு குதி குதித்து நடனத்துக்குப் போனது. அது முடிந்ததும் சிறந்த நடிகர். இடையில் இருந்த எல்லாத் தொழில்நுட்பக்காரர்களையும் நேரம் போதாது என்று தூக்கிவிட்டிருந்தார்கள். வெட்டுவதே தொழிலாகக் கொண்டவனை யாரோ ஒரு நொடியில் வெட்டிவிட்டார்கள். அதைக் கவனித்தது அந்த அறையில் நான் ஒருத்திதான். மற்றவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"காசு குடுத்து வாங்கிட்டான் லா!" என்றான் குமார்.

"எங்க ஆளுக்குக் குடுக்கலன்னாலும் பரவால்ல. இவனுக்கா? இவனுக்கு அழக்கூடத் தெரியாதே!" என்றார் சரசு அக்கா. ஜென்மப் பகையாளிகள் இரண்டுபேரும் அன்று முதல்முறையாக ஒரே கட்சி.

எல்லாம் அடங்கியபிறகு சரசு அக்கா என் பக்கம் திரும்பினார். "எங்க கலா உங்க அண்ணன்?"

கட் பண்ணிட்டாங்க என்றேன். பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினேன். பெயரைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இந்தப் பேர்ல அங்க ஆயிரம் பேரு இருப்பாங்க. கோவிச்சுக்காத லா. ஊர்லேர்ந்து வர்ற எல்லாருக்கும் சினிமாவுல ஒரு சொந்தக்காரன் இருக்கான்." கோபமாகச் சொல்லவில்லை, பிள்ளையைச் சமாதானப்படுத்துவதுபோலத்தான் சொன்னார். எனக்கு நெஞ்சு எரிந்தது. அவர் நம்பாதது பாதி. அண்ணனைப் பார்க்காமல் போனதுதான் மீதி.

சில நாள் கழித்துக் குமார் பிரிக்பீல்ட்ஸிலிருந்து முழு விழாவும் உள்ள வீடியோ கேசட்டை வாடகைக்கு எடுத்துவந்தான். தன் ஆள் மேடையில் பேசியதையும் வெட்டிவிட்டார்களோ என்று அவனுக்குச் சந்தேகம். மறுபடியும் கூடம் நிறைந்தது. படம் மங்கல், முகங்களில் பச்சை பூத்திருந்தது. ஒளிப்பதிவாளர் வந்தார், கலை இயக்குநர் வந்தார். பிறகு அறிவிப்பாளர் சிறந்த படத்தொகுப்பு என்று சொல்லி, என் அண்ணன் பெயரையும் அவன் வேலை செய்த படத்தின் பெயரையும் சொன்னார். "சொன்னேனே, என் அண்ணன்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னேனே!" என்று கத்தினேன். டீவியில் கேட்டுவிட்டார்கள், அவர்களுக்கு இப்போதுதான் நடந்தது. கூடம் முழுக்கக் கைதட்டியது. குமார் விசிலடித்தான். சரசு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அறிவிப்பாளர் இரண்டாவது முறையும் பெயரைச் சொன்னார். யாரும் மேடைக்கு வரவில்லை. பட்டுச்சட்டை போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே ஏறி, அவர் சார்பில் நான் என்று வாங்கிக்கொண்டு இறங்கினார்.

"அபாங் மானா?" என்று காக் மினா கேட்டார், அண்ணன் எங்கே என்று.

"ஷூட்டிங். வெளியூர்ல" என்றேன்.

எடிட்டருக்கு வெளியூர் ஷூட்டிங் ஏது? ஆனால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. பிஸி ஆளு லா, என்று குமார் மரியாதையாகத் தலையாட்டினான். உண்மையைச் சொன்னபோது நம்பாதவர்கள் பொய்யை அப்படியே வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் பாசாருக்கு, இங்கே சந்தையை அப்படித்தான் சொல்வார்கள், பக்கத்து டெலிபோன் பூத்திலிருந்து அண்ணனின் எடிட்டிங் அறைக்குக் கீழே இருக்கும் டீக்கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரர் கூப்பிட்டுவிட, மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

"ஏன்டா போகல? உன் பேரை ரெண்டு தடவ கூப்பிட்டாங்க."

"ரீல் குடுக்கவேண்டியிருந்தது. போனாலும் என்னை யாரு பாக்கப்போறா?"

"நாங்க எல்லாரும் பார்த்தோம். வீடு நிறைய ஜனம். உன் பேரைச் சொன்னதும் எப்படிக் கைதட்டினாங்க தெரியுமா?"

"யாரு அவங்கல்லாம்?"

ஒவ்வொருவரையும் எப்படிச் சொல்வது? சரசு அக்காவை, குமாரை, காக் மினாவை அவனுக்கு எங்கிருந்து தொடங்கி விளக்குவது? என் வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்.

"நம்மாளுங்கதான்."

டீக்கடையில் யாரோ சர்க்கரை கம்மியாய் இரண்டு என்று சொல்வது எனக்குக் கேட்டது.

"நம்மாளுங்களா" என்றான் பிறகு. "அப்ப சரி. இனி உன்னைப் பத்தி எனக்குக் கவலையில்ல." கேலியா வருத்தமா என்று பிடிபடவில்லை. முகம் தெரிந்தால் அல்லவா தெரியும். நம்மாளு என்றால் எனக்கு நீ ஒருத்தன்தானே என்று சொல்ல வாயெடுப்பதற்குள், வேலை கிடக்கு என்று வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டேன். அவர் மேலே போய்விட்டார் என்றார் கடைக்காரர்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சரசு அக்கா கம்பிக்கதவுக்குப் பின்னால் நின்று துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. இப்போது நான் எடிட்டரின் தங்கை.

"போன் பேசிட்டு வரியா கலா? உங்க ஆளுங்கல்லாம் அங்க நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க அக்கா" என்றேன்.