ஐம்பதாவது கையெழுத்து

அல்போன்சா என் அக்கா. திண்டுக்கல்லை ஒட்டிய எங்கள் சிற்றூரில் தையல் மெஷின் வைத்திருந்தாள். அவள் எட்டாவதோடு நின்றவள்; நான் கல்லூரி முடித்தவன். ஆனால் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் பழக்கம் அவளுக்குத்தான் இருந்தது.

கிராமசபை என்று எங்கள் ஊரில் யாரும் கூடியதில்லை. கூட்டத்துக்கு முதல் நாளே ஊராட்சி எழுத்தர் கண்ணுசாமி சைக்கிளில் நோட்டைக் கொண்டுவருவார். தீர்மானம் எழுதும் பக்கம் வெறுமையாக இருக்கும். கீழே எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். தொண்ணூற்றெட்டில் அக்கா மட்டும் பேனாவை வாங்கவில்லை.

"எழுதுனதக் காட்டுங்கண்ணே, போடுறேன்."

"கூட்டம் நடந்தாத்தானம்மா எழுத முடியும்?"

"அப்ப கூட்டத்துக்கே வாரேன்."

"டீயெல்லாம் கிடையாது தாயி" என்று சிரித்தார் அவர்.

அந்தக் கூட்டத்துக்குப் போனவள் அவள் ஒருத்திதான். அதன் பிறகு, கூட்டம் நெருங்கினால் தைத்து முடித்த ஜாக்கெட்டுகளை வீட்டில் வைத்துக் கொடுக்க மாட்டாள். "கூட்டத்துல வந்து வாங்கிக்க" என்பாள். பெண்கள் திட்டிக்கொண்டே வந்தார்கள். பிறகு திட்டாமலும் வந்தார்கள்.

இரண்டாயிரத்து நான்கு ஏப்ரல் கடைசியில் அவள் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கண்ணுசாமி நோட்டோடு வந்தார். நான் வாசலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். "அல்போன்சா தம்பியே போட்டாச்சு" என்று தெருவே போட்டது. கண்மாய்க்கரையில் தோல் பதனிடும் ஷெட் கட்ட ஊருக்கு ஆட்சேபணை இல்லை என்று மேலே பிறகு எழுதிக்கொண்டார்கள். ஒரு வருடத்தில் எங்கள் குடிநீர்க் கிணறு நாறியது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வாசிச்சியாலே?"



அந்தத் தீர்மானத்தை ரத்து செய்ய ஐம்பது பேர் கூட வேண்டும். ஒரு கூட்டத்துக்கு முப்பத்தெட்டு பேர் வந்தார்கள். அடுத்ததற்கு நாற்பத்து நான்கு. இரண்டாயிரத்து ஆறு பொங்கலுக்கு முந்தின வாரம் அக்கா இறந்துபோனாள்.

குடியரசு தினக் கூட்டத்துக்கு அவள் தைத்து வைத்திருந்த ஜாக்கெட்டுகளைப் பையில் எடுத்துப் போனேன். ஒன்றியத்திலிருந்து வந்த அதிகாரி நோட்டைப் பார்த்து, "ஐம்பது, சரி" என்றார். நான் நோட்டை வாங்கி மேலிருந்து வாசித்தேன். ஐம்பதாவது பெயர் அல்போன்சா.

கண்ணுசாமி என் காதருகே குனிந்தார். "ஒண்ணு கொறையுதுப்பா. உசுரோட இருந்தா அது வராம இருக்குமா? அது கேட்ட தீர்மானத்துக்குத்தான போட்டிருக்கேன்." அவர் கண் கலங்கியிருந்தது.

அவர் சொன்னது பொய்யில்லை. நான் பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்தேன்.

"ஆள் பத்தல. இனி அடுத்த கூட்டம் மே ஒண்ணுதான்" என்று அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

அடுத்த வீட்டு அன்னாள் என் சட்டையைப் பிடித்தாள். "ஏலே மரியசெல்வம், ஒத்தக் கோட்டுல கெடுத்துட்டியேலே! எம் பேரப்பிள்ள அந்தத் தண்ணியத்தான குடிக்குது?"



பையில் ஒரு ஜாக்கெட் மிஞ்சியிருந்தது. அது தெருக்கோடி ஆனந்தமேரியுடையது. அவள் கூட்டத்துக்கு வரவில்லை. போகிற வழியில் கதவைத் தட்டினேன்.

"ஜாக்கெட்டா? குடுப்பா" என்று கையை நீட்டினாள்.

பையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"மே ஒண்ணாம் தேதி கூட்டத்துல வந்து வாங்கிக்கங்க."