வெல்டா கட்டி அனுப்பிய சாப்பாடு

வெல்டாவுக்குக் கை கால் ஓடவில்லை. மலையேறிகள் தங்கும் விடுதியின் வாசல் பெஞ்சில், முன்பின் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பைக்குள் நீளக் கரண்டியை விட்டு விட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பையின் மேலே கறுப்பு மையில் இருந்தது வெல்டாவின் கையெழுத்து: 'மிளகாய் பீன்ஸ். ஒரு கப் வெந்நீர். பொறுமையாக இரு.' அந்தக் கடைசி வரி அவள் புருஷன் டெல்மருக்காகவே எழுதியது. எதையும் ஊறவிடும் பொறுமை அந்த மனுஷனுக்குக் கிடையாது.

அவள் மனம் முதலில் போன இடம் நல்ல இடமல்ல. டெல்மருக்கு அறுபது தாண்டிவிட்டது. அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியாவில் தொடங்கி வடக்கே மெய்ன் வரை போகும் மலைப்பாதையைத் தனி ஆளாக நடந்து முடிக்கிறேன் என்று பனி உருகும் முன்பே கிளம்பினவர். அவருக்குக் கட்டிய சாப்பாடு இன்னொருத்தி மடியில் இருக்கிறதென்றால் அவர் எங்கே? எந்தப் பள்ளத்தில் கிடக்கிறார்? வழியில் வரும் ஊர்களுக்கெல்லாம் தபாலில் சாப்பாட்டுப் பெட்டி அனுப்பி வந்தவள், இந்த வர்ஜீனியா ஊருக்கு மட்டும் தானே காரில் கொண்டுவந்து அவரைத் திகைக்க வைக்கலாம் என்று பார்த்தாள். திகைத்து நின்றது அவள்தான்.

ஓஹையோவில் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டி பிடித்தே வெல்டாவின் காலம் போனது. பிள்ளைகள் தட்டை நீட்டிவிட்டு மூக்கைச் சுளிப்பார்கள். வீட்டுக்கு வந்தால் டெல்மர். மின்கம்பம் ஏறுகிற வேலை அவருக்கு. சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்து போய்விடுவார். உப்புப் போட மறந்த நாளும் அப்படித்தான், பண்டிகை நாளும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள், "எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பார்த்தாள். "அதான் சாப்பிட்டேன்ல?" என்றார். அதோடு கேட்பதை விட்டுவிட்டாள். கேட்பதைத்தான் விட்டாள், ஆசையை அல்ல.

அவர் நடக்கப் போகிறேன் என்றதும் குளிர்காலம் முழுக்க அவள் அடுப்படியை விட்டு நகரவில்லை. பீன்ஸ், கோழிக்கறி சோறு, மாட்டிறைச்சி போட்ட நூடுல்ஸ் என்று சமைப்பதும், தட்டில் பரப்பி உலர்த்தும் எந்திரத்தில் சருகாகக் காயவைப்பதும், ஜிப் வைத்த தடிமனான பைகளில் ஒரு வேளைக்கு ஒரு பை என்று அடைப்பதுமாகவே இருந்தாள். மலையில் செய்ய வேண்டியது ஒன்றுதான். முதுகுப்பையில் வைத்துக்கொள்ளும் சின்ன அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, பைக்குள்ளேயே ஊற்றி, மூடி, கம்பளித் தொப்பிக்குள் பொதிந்து வைத்தால் சாப்பாடு தயார். பாத்திரம் கழுவ வேண்டாம்.

பிறகு போன் வந்தது. "நேத்து ராத்திரி பீன்ஸ். கடைசில பையை உள்ளது வெளில திருப்பி நக்கிட்டேன்" என்றார் டெல்மர். வெல்டா போனைக் காதிலிருந்து எடுத்து, பேசுவது அவர்தானா என்று பார்த்தாள். அடுத்த ஊரிலிருந்து, "அந்தக் கோழிச்சோறு வாயில போனதும் காலு வலி மறந்துபோச்சு." அதற்கடுத்த ஊரிலிருந்து, "நூடுல்ஸ் தின்னுட்டு அழுகை வந்திருச்சு." டெல்மருக்கு அழுகை! தேவாலயத்துப் பெண்களிடம் ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனாள். அந்த வார்த்தைகள்தான் இத்தனை நாளும் அவளுக்குச் சோறு.

இப்போது அந்தப் பெண் பையை உள்ளது வெளியே திருப்பினாள். நாக்கை நீட்டி நக்கினாள்.

"இந்தப் பை உனக்கு ஏது?" வெல்டாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"உம்மணாமூஞ்சித் தாத்தா குடுத்தது மேடம்." பாதையில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, பட்டப்பெயர்தான். டெல்மருக்கு உம்மணாமூஞ்சி என்றால் இவளுக்கு ஆமை. "சாப்பாடு பிரமாதம். ஆனா சும்மா தரமாட்டாரு, கறார் பேர்வழி."

"காசு வாங்குறாரா?"

"காசா? அது வாங்கினாக்கூடப் பரவால்ல! சாப்பிட்டு முடிச்சதும் எதுக்கவே வந்து உக்காந்துக்குவாரு. 'எப்படி இருக்கு?'ம்பாரு. நல்லா இருக்குன்னா விடமாட்டாரு. 'நல்லான்னா எப்படி நல்லா? ஒழுங்கா சொல்லு, இல்லேன்னா அடுத்த பை கிடையாது.' ஏதாவது சொன்னாத்தான் எந்திரிப்பாரு. அப்புறம் அதையே முணுமுணுன்னு சொல்லிக்கிட்டே நடப்பாரு, பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி."

"பையை நக்கினது?"

"அது நான் சொன்னது. கால்வலி மறந்தது ஈரச்சாக்ஸ்னு ஒரு பையன். நூடுல்ஸுக்கு நிஜமாவே அழுதேன் மேடம், அன்னிக்கு ஒரே மழை." ஆமை சட்டென்று நிறுத்தினாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெல்டா காரிலிருந்து தூக்கி வந்த பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று நிம்மதிப்படக்கூட அந்த நேரம் தோன்றவில்லை. ஒரு வார்த்தைகூட அவருடையது இல்லை. ஊர் பேர் தெரியாத பிள்ளைகளின் வார்த்தையை வைத்துக்கொண்டு தேவாலயத்தில் பெருமை அடித்திருக்கிறாள்.

டெல்மர் பாதி உடம்பும் முழுத் தாடியுமாகத் தெருமுனையில் திரும்பி வந்தார். வெல்டாவைக் கண்டதும் கால் அப்படியே நின்றுவிட்டது. அவர் பார்வை ஆமையின் கையிலிருந்த பைக்குப் போனது, பிறகு தரைக்கு.

அவர் முதுகுப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடுப்பு எங்க?" என்றாள் வெல்டா.

"ஜார்ஜியாவிலயே ஒருத்தனுக்குக் குடுத்துட்டேன். கனம்."

"அப்ப என்னத்தைத் தின்னே?"

"பச்சத்தண்ணில ஓட்ஸ் ஊறவெச்சு. கொஞ்சம் வேர்க்கடலை வெண்ணெய்."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"நீ பாட்டுக்கு ராப்பகலாக் கட்டிட்டிருந்தே. எப்படிச் சொல்றது?" தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினார். "எனக்குத்தான் பேச வராதே. இந்தப் பசங்களுக்கு நல்லா வருது. நான் பொய் சொல்லல வெல்டா. சாப்பிட்டவங்க சொன்னதுதான். ஒரு வார்த்தை நானாச் சேக்கல."

"அதத்தான்டா பாவி சொல்றேன், ஒரு வார்த்தை நீயாச் சேக்கல!" வெல்டாவின் கத்தலில் ஆமை எழுந்து நின்றுவிட்டாள். நாற்பது வருஷத்தில் அவள் இவ்வளவு பெரிதாகக் கத்தியதில்லை. அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

ஆமையின் சின்ன அடுப்பைக் கேட்காமலே எடுத்தாள். தண்ணீர் கொதித்தது. பெட்டியைக் கிழித்து ஒரு பீன்ஸ் பையில் ஊற்றி, டெல்மர் கையிலிருந்த தொப்பியைப் பிடுங்கி அதற்குள் பொதிந்தாள். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். வேறு வழியில்லை. பிறகு ஆமையின் கரண்டியால் அவர் சாப்பிடுவதை எதிரில் உட்கார்ந்து பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

டெல்மர் மெல்லத் தலையைத் திருப்பி ஆமையைப் பார்த்தார். ஆமை பாவம், வாயைத் திறக்கப் போனாள்.

"அங்க என்ன பார்வை? எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவர் இன்னொரு கரண்டி எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"சூடா இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். ஆமைக்கு ஏமாற்றம், முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வெல்டா வாயைப் பொத்திக்கொண்டாள். யாரிடமும் கேட்டு வாங்காத வார்த்தை. பையை நக்கியதும் கால்வலி மறந்ததும் கேட்டு இனித்ததைவிட, இந்த ஒன்றுதான் அவளுக்கு அதிகமாக இனித்தது.

"அடுப்பு வாங்கித் தரேன், தூக்கிட்டுப் போ" என்றாள். "அடுத்த ஊர்லேர்ந்து போன் பண்றப்போ இதையே சொல்லு, போதும்."

மிச்சப் பைகளில் பாதியை எடுத்து ஆமையின் மடியில் வைத்தாள். "உனக்குத்தான்டி. எதுவும் சொல்ல வேணாம், சாப்பிடு."

டெல்மர் கரண்டியால் பையின் மூலையைத் துழாவிக்கொண்டிருந்தார். அது காலியாகி வெகு நேரம் ஆகியிருந்தது.