அழித்த பிறகும் இருந்த வரி

கிறுக்கல் மாதிரித் தெரியும் கோப்புக்கும் தமிழ் எழுத்துருவைப் போட்டுப் பார்த்தால் என்ன? பதுளை டவுனில் கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு மத்தியானம் எனக்கு அப்படித் தோன்றியது. அப்போதெல்லாம் எங்கள் தமிழ், ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும். எழுத்துருவை மாற்றினால் தமிழாகிவிடும்.

பக்கத்தில் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து அக்கா உட்கார்ந்திருந்தார். கொழுந்தெடுக்கும் தாய்மாரின் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் அவருக்குத் தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்கக் கேட்கும் கடிதத்தை நான்தான் அடித்துக் கொடுத்தேன். பிளாப்பி டிஸ்க்கில் கொண்டுவந்தால் மேலிடத்துக்குப் போகும் கடிதங்களோடு சேர்த்து அனுப்புவதாகத் தோட்ட ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். அந்த ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் அந்த வேலையைத் தன் மச்சினிக்குக் கொடுக்கப் பார்க்கிறார் என்று முதலில் ஒரு வரி சேர்க்கச் சொன்ன அக்கா, பிறகு பயந்துபோய் அதை அழிக்கச் சொன்னார். வேர்டில் அழித்துச் சேமித்தேன்.

அத்தோடு கை சும்மா இருந்ததா? அதே கோப்பை நோட்பேடில் திறந்தேன். கட்டம் கட்டமாகக் கிறுக்கல். தமிழ் எழுத்துருவைப் போட்டேன். அர்த்தமில்லாத எழுத்துகளுக்கு நடுவே அக்காவின் கடிதம் வந்தது. இன்னும் கீழே, பெரிய கிளாக்கரும் அவருடைய மச்சினியும்! ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை.

"ஏய் தங்கச்சி, அழிச்சேன்னியே!"

"சத்தியமா அழிச்சேங்கக்கா!"

"அப்ப இது என்னா, அதோட ஆவியா? அந்தாளு பாத்தா நாளைக்கே என்னைய மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பிருவாரு."

அவசரமாக அந்த வரியை நோட்பேடிலேயே வெட்டிச் சேமித்தேன். திரும்பவும் வேர்டில் திறந்தால் கடிதமே இல்லை. கோப்பு கெட்டுவிட்டது என்றது. ஒரு வரி போனதற்கு முழுக் கடிதமும் சாகுமா?

"நல்லா அழிச்ச போ," என்றார் அக்கா.

அக்காவைக் கீழ்க்கடையில் புது பிளாப்பி வாங்கிவரச் சொல்லி, புதுக் கோப்பில் எல்லாவற்றையும் முதலிலிருந்து அடித்தேன். நோட்பேடில் திறந்து, இருவரும் திரையில் விரல் வைத்து, கிறுக்கலையும் விடாமல் வாசித்தோம். அந்த வரி இல்லை. அக்கா இன்னொரு முறை வாசித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடினார்.

இதே மேசையில் எத்தனை பேருக்கு எத்தனை வரி அழித்துக் கொடுத்திருப்பேன்! மறுநாள் சோதனைக்கு ஒரு கடிதம் அடித்து, ஒரு வரியை அழித்துச் சேமிப்பது என்று முடிவுசெய்தேன். வெட்டியதில் எழுத்து எண்ணிக்கை குறைந்ததால்தான் கோப்பு கெட்டதோ? இந்தத் தடவை நோட்பேடில் அந்த வரியை வெட்டாமல், எழுத்துக்கு ஒரு புள்ளியாக, ஒன்றுகூடக் குறையாமல் வைத்துப் பார்க்க வேண்டும்.